கால்டுவெல் என்னும் பெயர் வந்த வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இளையரசனேந்தலில் ஆற்றிய உரை)

 

மலரில் இடம்பெறத்தக்க ஓர் உரை வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "கவிதையைப் பற்றிப் பேச அங்கே கவிஞர்கள் பலர் இருக்கிறார்கள், நான் ஒரு பெயரைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். ஒரே ஒரு பெயர். நம் எல்லோர்க்கும் பள்ளிப்பருவம் முதல் பழகிய பெயர். கால்டுவெல்.

இத்தலைப்பைத் தேர்ந்ததற்குப் பின்னால் என் பிழை ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. கல்லூரிப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு விழாவில் கால்டுவெல் ஐயரைப் பற்றிப் பேச எழுந்தேன். "தமிழ் மண்ணில் கால் இட்டு வெல்ல வந்தவர் ஆதலின் கால்டுவெல் எனப் பெயர் பெற்றார்" என்று தொடங்கினேன். பலத்த கைதட்டல். விழா முடிந்து வெளியே வரும்போது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். "நன்றாகப் பேசினீர்கள் அம்மா. ஆனால், ஓசையை நம்பிச் சொல்லுக்குப் பொருள் உரைக்கக் கூடாது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே? அவர் பெயருக்கே அதைச் செய்யலாமா?" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை விட்டு நீங்கவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று இந்த அவையில் தீர்க்க முயல்கிறேன்.

குளிர்ந்த ஊற்று

கால்டுவெல் என்பது ஆங்கிலக் குடும்பப் பெயர்களுள் ஒன்று. ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் தோன்றின: தந்தை பெயரால், செய்தொழிலால், உடல் அல்லது குணத்தின் அடையாளத்தால், ஊரால். கால்டுவெல் ஊர்ப்பெயரால் வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'கால்டு' என்றால் குளிர்ந்தது. 'வெல்லா' என்றால் நீரூற்று. இன்று கிணற்றைக் குறிக்கும் 'வெல்' என்னும் ஆங்கிலச் சொல் அன்று நிலத்திலிருந்து தானே பொங்கும் ஊற்றையும் ஓடையையும் குறித்தது. ஆகவே கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. ஊற்றங்கரையில் எழுந்த குடியிருப்புக்கு அப்பெயர் வந்தது. அக்குடியிருப்பிலிருந்து வந்தவனுக்கு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதை எவ்வாறு உறுதியாகச் சொல்கிறோம்? பழைய எழுத்துச் சான்றால். வில்லியம் மன்னன் இங்கிலாந்தை வென்ற பின் 1086ஆம் ஆண்டில் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்துத் 'டூம்ஸ்டே' என்னும் பதிவேட்டை எழுதுவித்தான். நம் ஊர்க் கணக்குப் போன்றது அது. அதில் டார்பிஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று 'கால்டெவெல்லெ' என்றே பதிவாகியிருக்கிறது. இதே பெயருடைய ஊர்கள் யார்க்ஷயரிலும் ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூ பகுதியிலும் உண்டு. குளிர்ந்த ஊற்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அப்பெயர் தனித்தனியே பிறந்தது. நம் நாட்டில் எத்தனை புதுக்குளங்கள், எத்தனை நல்லூர்கள்! அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தவை என்று யாரேனும் கூறுவோமா? அதுபோல, கால்டுவெல் என்று பெயருடையோர் அனைவரும் ஒரே மூதாதையின் வழியினர் என்று கொள்வதும் தவறு.

இங்கே ஓர் ஒலிமாற்றத்தைக் காட்ட வேண்டும். இலண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றங்கரையை ஒட்டி 'சாட்வெல்' என்றோர் ஊர் இருக்கிறது. சாட் என்னும் புனிதர் அங்கிருந்த ஊற்றில் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார், அதனால் அப்பெயர் என்று நெடுங்காலம் கதை வழங்கிற்று. ஆனால் 1086ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அவ்வூர்ப் பெயரில் லகரமும் டகரமும் சேர்ந்தே நிற்கின்றன. அதுவும் குளிர்ந்த ஊற்றுதான். வட இங்கிலாந்தின் வழக்கில் அச்சொல்லின் முதலெழுத்து ககரமாகவே நின்றது. தெற்கே அது சகரமாக மாறிற்று. கால்டுவெல்லும் சாட்வெல்லும் உடன்பிறந்த பெயர்கள்.

இம்மாற்றம் நமக்குப் புதியதன்று. கன்னடத்தார் 'கிவி' என்பதை நாம் 'செவி' என்கிறோம். அவர்கள் ஏரியைக் 'கெரெ' என்கிறார்கள். இவ்வூரில் தெலுங்கு பேசுவோர் 'செருவு' என்கிறீர்கள். முன்னுயிரின் முன் ககரம் சகரமாவது திராவிட மொழிகளிலும் நிகழ்ந்தது. கன்னடம் பழைய ககரத்தைக் காத்து நிற்கிறது. ஒன்றிரண்டு சொற்கள் ஓசையால் ஒத்திருப்பதைக் கொண்டு முடிவு செய்யாமல், பல சொற்களில் ஒரே நெறியில் நிகழும் மாற்றத்தைக் கொண்டே உறவை நிறுவ வேண்டும். 1856ஆம் ஆண்டில் வெளிவந்து, 1875இல் விரிவாக்கப்பட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் கால்டுவெல் நம்மிடையே வேரூன்றச் செய்த முறை இதுவே. அம்முறையைக் கொண்டே அவர் பெயரின் பிறப்பையும் அறிகிறோம்.

'குளிர்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் 'கோல்டு' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் உறவு உண்டா என்று மாணவியர் அடிக்கடி கேட்பர். ஓசை ஒக்கிறது, பொருளும் ஒக்கிறது. ஆயினும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அதன் தொல்வடிவில் வல்லின ஒலிப்புடையதாக இல்லை. மெலிந்த ககரமாக இருந்தது. பனியைக் குறிக்கும் 'கெலு' என்னும் இலத்தீன் சொல் அதன் உறவு. ஆகவே இன்றைய வடிவங்களை அருகருகே வைத்து மகிழ்வதில் பயனில்லை. கால்டுவெல்லும் இவ்விடத்தில் வழுவியதுண்டு. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு இணைக்க அவர் முயன்றதைப் பின்வந்த மொழியறிஞர்கள் ஏற்கவில்லை. அவர் வகுத்த முறையே அவர் முடிவுகளையும் சோதித்தது.

நிலம் போயிற்று, பெயர் நின்றது

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் குடும்பப் பெயர் தொன்றுதொட்டு வந்ததன்று. நார்மானியர் வெற்றிக்குப் பிறகு, நிலவுரிமையும் வரியும் எழுத்தில் ஏறியபோது, ஏறத்தாழ மூன்று நான்கு நூற்றாண்டுகளில் அது படிப்படியாக நிலைபெற்றது. அதற்கு முன் 'இன்ன ஊர் இன்னான்' என்பதே வழக்கு. இது நமக்கு மிக நெருங்கிய வழக்கு அல்லவா? கணியன் பூங்குன்றனார், ஒக்கூர் மாசாத்தியார், மாங்குடி மருதனார், கோவூர் கிழார் என்று நம் சங்கப் புலவர்கள் ஊரைச் சுமந்தே நிற்கிறார்கள். நம்மிடம் ஊர்ப்பெயர் ஒருவரோடு நின்றது. அங்கே அது மகனுக்கும் பேரனுக்கும் இறங்கிற்று. வேறுபாடு அவ்வளவே.

ஒரு பெயர் எப்போது பயணம் தொடங்குகிறது? ஊரை விட்டு நீங்கும்போது. குளிர்ந்த ஊற்றின் கரையிலேயே இருப்பவனை யாரும் அவ்வூரான் என்று தனித்து அழைக்க வேண்டியதில்லை. ரென்ஃப்ரூ பகுதியில் இருந்த கால்டுவெல் நிலவுடைமை இடைக்காலத்திலேயே மியூர் என்னும் வேறொரு குடும்பத்தாரிடம் சென்றது. அவர்கள் 'கால்டுவெல் மியூர்கள்' என்று பல நூற்றாண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள். கால்டுவெல் என்னும் பெயருடைய குடிகளோ நிலமின்றிப் பெயரை மட்டும் ஏந்திப் பல திசைகளில் பரவினார்கள்.

இக்குடும்பத்தைப் பற்றி அமெரிக்காவில் அச்சிடப்பெற்ற குலவரலாறுகள் சிலவற்றில் ஒரு கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பார்பரோசா என்னும் கடற்கொள்ளைத் தலைவனிடம் இருந்த உடன்பிறந்தார் மூவர் பிரான்சு நாட்டிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்து, நிலம் வாங்கி, அதற்குக் கால்டுவெல் என்று பெயரிட்டார்களாம். அண்ணன் தம்பி மூவர், ஒரு கடல், ஒரு பகை, ஒரு புதுநிலம். நம் கரிசல் சிற்றூர்களில் பெரியவர்கள் சொல்லும் குடியேற்றக் கதைகளின் சாயல் இதில் இல்லையா? கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மூவர் காலத்திற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்பெயர் பதிவேட்டில் இருக்கிறது. வந்தவர்கள் பெயரைக் கொண்டுவரவில்லை; மண்ணில் இருந்த பெயர் மனிதர்மேல் ஏறிற்று.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்து இங்கிலாந்து இரண்டிற்கும் அரசனான ஜேம்ஸ் மன்னன் காலத்தில், ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியினர் ஆயிரக்கணக்கில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியமர்த்தப்பட்டனர். அப்பெயருடைய குடும்பங்கள் பல இவ்வழியே கடல் கடந்தன. அங்கே நிலம் பெற்றவர்கள் உண்டு. அதனால் நிலம் இழந்த அயர்லாந்து மக்களும் உண்டு. குடியேற்ற வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அல்ஸ்டரிலிருந்து பலர் அமெரிக்கா சென்றனர். நியூ ஜெர்சியில் விடுதலைப் போருக்குத் துணைநின்று 1781இல் கொல்லப்பட்ட ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் போதகர் பெயரால் ஓர் ஊர் எழுந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த குரோவர் கிளீவ்லாந்து 1837இல் பிறந்தது அவ்வூரில்தான். ஊர்ப்பெயர் ஆட்பெயராகி, கடல் கடந்து, மீண்டும் ஊர்ப்பெயரான விந்தை இது. அங்கே குளிர்ந்த ஊற்று இருந்ததா என்பது பற்றி யாருக்கும் கவலையில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த எர்ஸ்கின் கால்டுவெல்லைப் புதினம் படிப்போர் அறிவீர்கள். தீய்ந்துபோன பருத்தி நிலத்தில் பட்டினி கிடக்கும் குத்தகை உழவர்களைப் பற்றி 1932இல் 'புகையிலைச் சாலை' என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய புதினம், நம் பருத்திக் காட்டு மக்களுக்கு அயலானதாகத் தோன்றாது.

ஒரு செய்தியைச் சொல்லாமல் போகக் கூடாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களில் பலர்க்கு ஆண்டைகளின் குடும்பப் பெயரே பெயராயிற்று. தம் சொந்தப் பெயர்களை இழந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அயல்நாட்டு ஊற்றுகளின் பெயர்களைத் தாங்கி வாழ்கிறார்கள். எனவே பெயர் ஒன்றாயின் குருதியும் ஒன்று என்று எவரும் எளிதில் முடிவு கட்டலாகாது.

கிளாடி முதல் இடையன்குடி வரை

நம் கால்டுவெல்லிடம் வருவோம். ராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து மரபினர். அவர் பத்து வயதுச் சிறுவனாக இருக்கையில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பிற்று. பெயர் ஆங்கிலம், குடிவழி ஸ்காட்லாந்து, பிறந்த மண் அயர்லாந்து. இவரை எந்நாட்டவர் என்பது? நம் நூல்களில் ஒருவர் அயர்லாந்துக்காரர் என்றும் மற்றொருவர் ஸ்காட்லாந்துக்காரர் என்றும் எழுதுவது இதனால்தான். இருவரும் பிழை செய்யவில்லை.

1837இல் கப்பலேறி 1838 சனவரியில் சென்னையில் இறங்கினார். அக்கப்பலில் உடன் வந்தவர் தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு செய்த சி. பி. பிரவுன். தமிழுக்கு வரப்போகும் ஒருவரும் தெலுங்குக்கு உழைக்கும் ஒருவரும் ஒரே கப்பலில் பல திங்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் இவ்வூரில் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1841இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை எனச் சுற்றி, பெரும்பாலும் நடந்தே நெல்லைச் சீமைக்கு வந்து, செம்மணல் தேரி நிலத்தில் இடையன்குடியில் தங்கினார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அதுவே அவர் ஊர். 1891 ஆகஸ்டு 28இல் கொடைக்கானலில் மறைந்தார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. குளிர்ந்த ஊற்றின் பெயரைத் தாங்கியவர், பனைமரம் வேரூன்றி நீர் தேடும் மணல்நிலத்தில் உறங்குகிறார்.

பெயரும் இங்கே குடியேறிற்று. 'ல்ட்வெ' என மெய்கள் மயங்கி வருவதைத் தமிழ் ஏற்காது. ஓர் உகரத்தை இடையில் கொடுத்துக் 'கால்டுவெல்' என்று ஆக்கிக்கொண்டோம். நெல்லை, தூத்துக்குடிப் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சூட்டினர். அங்கே அது குடும்பப் பெயரன்று. இட்டு வழங்கும் பெயர். அப்பிள்ளையின் பிள்ளைக்கு அது தலைப்பெழுத்தாகச் சுருங்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஊற்று, இன்று ஒரு தமிழ் மாணவனின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கிறது.

நம் ஊரும் நம் பெயரும்

இதையெல்லாம் இளையரசனேந்தலில் ஏன் சொல்ல வேண்டும்? இவ்வட்டாரத்தார்க்குக் குடும்பப் பெயரின் பயணம் நன்கு தெரியும். தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் 'இண்டிபேரு' உண்டு. அதுவும் பல இடங்களில் ஆந்திர நாட்டு ஊர்ப்பெயரே. பக்கத்தில் குருவிகுளம் சமீன் குடும்பத்தாரின் வீட்டுப்பெயர் பெம்மசானி. கண்டிக்கோட்டையை ஆண்ட நாயக்கர்களின் பெயர் அது. அக்கோட்டை பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாப் படைத்தலைவன் மீர் ஜும்லாவிடம் வீழ்ந்தது. வடபெண்ணையாற்றின் மலையிடுக்கில் இருந்த கோட்டை பாழாயிற்று. பெயர் நம் கரிசலில் வாழ்கிறது. ரென்ஃப்ரூவில் நிகழ்ந்ததும் இதுதானே? இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்' புதினத்தில் இத்தகைய குடிப்பெயர்ச்சியின் நினைவை எழுதிவைத்தார். வரலாற்று ஏடு சொல்லாத வழிநடையை அந்நூல் சொல்கிறது.

இனி, நம் ஊர்ப்பெயரைப் பாருங்கள். 'ஏந்தல்' என்றால் அரசன் என்றும் உயர்ந்தோன் என்றும் பொருள் உண்டு. தென்பாண்டி நாட்டு ஊர்ப்பெயர்களில் அது மழைநீரை ஏந்திவைக்கும் ஆழமற்ற நீர்நிலை. இளையரசனேந்தலும் ஒரு நீரின் பெயர்தான். இவ்வூரிலிருந்து சென்னைக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் ஊர்ப்பெயரைத் தலைப்பெழுத்தாகக்கூடக் கொண்டுபோகவில்லை. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறுகிறது. அது பேரனுக்கும் தொடரும். நூறாண்டுகள் கழித்து அப்பேரனின் பேரன், 'என் பெயரின் பின்பகுதிக்கு என்ன பொருள்?' என்று கேட்டால், விடை சொல்ல யாரிடம் குறிப்பு இருக்கும்?

ஒரு கண்டிப்பையும் சொல்லி முடிக்கிறேன். பிறர் பெயரையும் பூர்விகத்தையும் ஆராய்வது கூர்வாளைக் கையாள்வது போன்றது. கால்டுவெல் 1849இல், தாம் பணியாற்றிய பகுதியின் பனைத்தொழில் மக்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும், அவர்தம் அறிவையும் வாழ்வையும் குறைத்தும் அதில் எழுதியிருந்தார். அச்சமுதாயத்தார் மனம் புண்பட்டனர், எதிர்த்து எழுதினர், முறையிட்டனர். முடிவில் அந்நூல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவர்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், அவர்களின் வரலாற்றை அவர்களிடம் கேளாமல் எழுதியதால் வந்த காயம் அது. மற்றவரை 'வந்தவர்' என்று குறித்தவரின் பெயரே நான்கு நிலங்களைக் கடந்து வந்த பெயர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்று மேடைகளில் 'வந்தேறி' என்னும் சொல் எளிதாகப் புழங்குகிறது. அச்சொல்லைச் சொல்வதற்கு முன் தன் பெயர் எந்த நீர்க்கரையிலிருந்து புறப்பட்டது என்று ஒவ்வொருவரும் பின்னோக்கிச் சென்று பார்த்தால் நாக்குத் தயங்கும். முன்பின் எனும் வேறுபாடு உண்டே தவிர, நடந்து வராத பெயர் அரிது. பெயராய்வு மனிதரைப் பிரிக்கும் கருவியாவதும் இணைக்கும் கருவியாவதும் ஆராய்பவரின் கையில் இருக்கிறது. சான்று இல்லாத இடத்தில் கைதட்டலுக்காகப் பொருள் கட்டிய என்னைப் போன்றோர்க்கும் இதில் பாடம் உண்டு.

ஆகவே இவ்விலக்கிய வட்டத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. பதினோராம் ஆண்டின் பணியாக, இவ்வூரிலும் சுற்றூர்களிலும் வழங்கும் வீட்டுப்பெயர்களையும், கண்மாய், ஊருணி, ஏந்தல், ஓடை ஆகியவற்றின் பெயர்களையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதுங்கள். தமிழ் வீடு, தெலுங்கு வீடு, எந்தச் சாதி என்று வேறுபாடு பாராமல் எல்லா வாசலிலும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வடிவத்தை உங்கள் விருப்பப்படி திருத்தாமல், கேட்டவாறே குறியுங்கள். பொருள் தெரியாதவிடத்து வெற்றிடம் விடுங்கள். கவிஞர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம், ஒரு சொல் மறையும்போது முதலில் வருந்துபவர்கள் நீங்கள் என்பதே.

அன்று என்னைத் திருத்திய ஆசிரியப் பெருமகனாரை மீண்டும் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. அவர்க்குச் சொல்ல வேண்டிய விடையை உங்கள் முன் சொல்லிவிட்டேன்.